மலைப் பிக்கப்புக்குச் சைலன்சர் மாற்றுவது: பத்தாயிரத்துக்குள் முடிக்க ஒரு வழிகாட்டி

நீலகிரியில் லோடு ஓட்டும் பிக்கப்புக்குச் சைலன்சர் வேலை என்றால் சத்தத்தைக் கூட்டும் வேலை இல்லை. ஓட்டையும் அடைப்பும் இல்லாமல், கேபினுக்குள் புகை விடாமல், அடுத்த எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வரை துருப்பிடித்துத் தொங்காமல் இருக்கும் ஒரு குழாய் வரிசைதான் நமக்கு வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் டீசல் பிக்கப்புக்கு, முக்கியமாக பி.எஸ்.-3, பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதி) வண்டிகளுக்கு. பி.எஸ்.-6 வைத்திருப்பவர்கள் இரண்டாம் பகுதியை முதலில் படித்துவிடுங்கள். உங்களுக்கு வேலை பாதிதான்; தப்பு நடந்தால் செலவு பல மடங்கு.

1. கோளாறு சைலன்சரில்தானா?

"ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது, கரும்புகை தள்ளுது" என்று பட்டறைக்குப் போனால், பாதிப் பேர் முதலில் கை வைப்பது சைலன்சரில். அவசரப்படாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்குக் காற்று குறையும்; டீசல் அதே அளவு இறங்கினால் எரியாமல் கரியாக வெளியே வரும். மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக ஓடும் வண்டி லவ்டேல் தாண்டியதும் புகைந்தால், அது சைலன்சர் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது.

செலவில்லாமல் பார்க்க வேண்டியவை, இந்த வரிசையில்:

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். தேயிலைத் தோட்ட மண் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். மூன்றாவது, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறக்கத்தில் சூடேறிய பிரேக் விடாமல் பிடித்து நின்றாலும் வண்டி இழுக்காது.

இவை மூன்றும் சரி என்றால் குழாய்க்கு வருவோம். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்முனையை ஈரச் சாக்கால் ஐந்து விநாடி அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து கேளுங்கள். "சுஸ்" என்று எங்கே வருகிறதோ அங்கே ஓட்டை. ஃபிளாஞ்ச் (இரண்டு குழாயைப் போல்ட்டில் சேர்க்கும் தட்டு) இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு இருந்தால் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போயிருக்கிறது. மொத்தச் சைலன்சரையும் மாற்றத் தேவையில்லை, கேஸ்கட்டோடு முடிந்துவிடும். சைலன்சர் டப்பாவை மரச் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு உடைந்து கிடக்கிறது.

அடைப்பு இருக்கிறதா என்று அறிய ஒரு நாட்டு வழி உண்டு. சைலன்சருக்கு முந்தைய ஃபிளாஞ்சைக் கொஞ்சம் தளர்த்தி, ஆளில்லாத ஏற்றத்தில் நூறு மீட்டர் ஓட்டுங்கள். காது பிளக்கும், ஆனால் வண்டி சட்டென்று இழுத்தால் அடைப்பு சைலன்சரில்தான். வித்தியாசமே இல்லை என்றால் குழாயை விடுங்கள், டீசல் பம்பையும் நாசிலையும் பாருங்கள். பி.எஸ்.-6 வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஓட்டை கேபினுக்கு அடியிலோ முன்னாலோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பனியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிறோம். லோடுக்காகக் காத்திருக்கும் இரவில் குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுக் கேபினிலேயே படுப்பவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி ஆளை எழவிடாமல் செய்துவிடும்.

2. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

ஆர்.சி.யில் வண்டி எந்த பி.எஸ். என்று பாருங்கள். நாடு முழுக்க பி.எஸ்.-4 2017 ஏப்ரல் 1-லும், பி.எஸ்.-6 2020 ஏப்ரல் 1-லும் வந்தன.

பி.எஸ்.-6 வண்டியில் டர்போவிலிருந்து டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டி முடியும்வரை எதையும் வெட்டக் கூடாது. அதில் வெப்ப சென்சார், அழுத்த சென்சார், மெல்லிய ஹோஸ்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் லைட் எரியும், வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டி.பி.எஃப்.-க்குப் பின்னால் வரும் வால் குழாய், ரப்பர், கிளாம்ப் மட்டும் உங்கள் எல்லை. டி.பி.எஃப். லைட் அடிக்கடி எரிந்தால் காரணம் பெரும்பாலும் ஓட்டும் முறைதான். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் கரி எரியும் அளவுக்குச் சூடு வராது, இறக்கத்திலும் வராது. லோடோடு ஒரு நீள ஏற்றம் ஏறினால்தான் வரும்.

பி.எஸ்.-4 வண்டியில் டர்போவுக்குக் கொஞ்சம் தள்ளி உப்பிய டப்பா ஒன்று இருக்கும். டார்ச் அடித்தால் உள்ளே தேன்கூடு மாதிரி தெரியும். அதுதான் கேட்டலிஸ்ட், சுருக்கமாகக் கேட். அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்வார்கள், "மைலேஜ் ஏறும்" என்பார்கள். எடுக்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு உண்டு. பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. "இது வேஸ்ட்டு, நானே போட்டுடறேன்" என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னால், ஆர்வம் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தில் மூன்று இடங்கள் தெரிந்தால் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182-ஏ (4): அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 190 (2): புகை, சத்த அளவை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பு. அதே அமைப்பில், அதே இடத்தில், சத்தம் கூடாமல் நல்ல உலோகத்தில் மாற்றுவது பழுதுபார்ப்பு. அந்த எல்லைக்குள் நில்லுங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் நாளில் இது உதவும்.

எஃப்.சி. தேதியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பதற்கு மூன்று வாரம் முன்பே வேலையை முடியுங்கள். முதல் வாரத்தில் ஏதாவது ஒன்று தளரும். அதைச் சரிசெய்ய நாள் வேண்டும்.

3. பணத்தைப் பிரிப்பது

2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப்புக்குப் பத்தாயிரம் கையில் இருக்கிறது என்று வையுங்கள். விலை கடைக்குக் கடை மாறும், விகிதம் மாறாது.

சைலன்சர் டப்பா 3,500. குழாயும் வளைவும் 2,000. பெல்லோ (குழாய் நடுவே இளகிக் கொடுக்கும் மடிப்புத் துண்டு) 1,000. கேஸ்கட், ரப்பர், கிளாம்ப், நட்டு எல்லாம் சேர்த்து 800. வெல்டிங் கூலி 1,500. மீதி 1,200-ஐத் தொடாதீர்கள். ஸ்டட் (ஃபிளாஞ்சைப் பிடிக்கும் மரையாணி) உடைந்தால் லேத்துக்கும், வேலை முடிந்தபின் பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்கும் அது வேண்டும்.

பணம் குறைந்தால் டப்பாவில் குறைக்கலாம். பெல்லோவிலும் கேஸ்கட்டிலும் குறைக்காதீர்கள். ஐந்தாயிரம்தான் இருக்கிறது என்றால் துருப்பிடித்த பின்பாதியை மட்டும் மாற்றுங்கள். முன்பாதி டர்போ சூட்டில் எப்போதும் காய்ந்தே இருப்பதால் நீண்ட நாள் வரும்.

4. பொருள் வாங்கும்போது

சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். டீசல் எரிந்தால் தண்ணீர் ஆவியும் வரும்; குளிர்ந்த குழாயில் அது நீராகத் தேங்கும். தினம் மேட்டுப்பாளையம் போய் வரும் வண்டியில் சூட்டில் காய்ந்துவிடும். ஊட்டி டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டியில் காயவே காயாது. அதனால்தான் அதிகம் ஓடாத வண்டியில் சைலன்சர் சீக்கிரம் போகிறது. வெளியிலிருந்து வரும் கேடும் சேரும்: கேத்தி பக்கம் கேரட் கழுவி ஈரமாக ஏற்றினால் மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர் நேராகச் சூடான டப்பாவில் விழும். கோழி எரு ஏற்றினால் இன்னும் மோசம்.

உலோகம்: சாதா இரும்புக் குழாய் மலிவு, இங்கே சீக்கிரம் போகும். அலுமினியம் பூசிய இரும்பு அதைவிட நல்லது, ஆனால் வெல்ட் செய்த இடத்தில் பூச்சு போய்விடும். அங்கே வெப்பம் தாங்கும் வெள்ளிப் பெயின்ட் அடிக்க வேண்டும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 409 கம்பெனி வண்டிகளில் வருவது. மேலே பழுப்பேறும், ஓட்டை விழ நாளாகும். எஸ்.எஸ். 304 எல்லாவற்றிலும் நீடிக்கும். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார், நம்பாதீர்கள். 409-இல் காந்தம் ஒட்டும், அது நல்ல பொருள். 202-இல் ஒட்டாது, அது 304-ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆனால் 304 என்று சொல்லி விற்பார்கள். பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை.

பிளம்பிங் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய் வேண்டவே வேண்டாம். வெல்ட் செய்யும்போது துத்தநாகப் புகை வந்து வெல்டருக்குக் காய்ச்சல் வரும், பூச்சும் எரிந்துவிடும்.

அளவு: இப்போதிருக்கும் குழாயின் வெளி விட்டத்தை அளந்து அதையே வாங்குங்கள். மிஞ்சிப்போனால் கால் அங்குலம் கூட்டலாம். 2 அங்குலத்திலிருந்து 2¼-க்குப் போனாலே, 1.6 மி.மீ. கனத்தில், உள் பரப்பு 28 சதவீதம் கூடும். 75 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு அதற்கு மேல் தேவையில்லை. 3 அங்குலம் போட்டால் எடையும் உறுமலும்தான் மிச்சம். டாடா ஏஸ் மாதிரி சின்ன இரட்டை சிலிண்டர் வண்டியில் அளவைத் தொடவே வேண்டாம்.

கனம் 1.6 மி.மீ. இருக்கட்டும். 2 அங்குல எஸ்.எஸ். குழாய் இந்தக் கனத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. எடைக்கு விற்கும் கடையில் மூன்று மீட்டர் வாங்கினால் 6 கிலோவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நாலரை கிலோ காட்டினால் 1.2 மி.மீ. கொடுத்திருக்கிறார்கள்.

வளைவு: மெஷினில் உள்ளே தாங்கு வைத்து வளைத்த ரெடி பென்ட் கோவையில் கிடைக்கும்; லோடு இறக்கப் போகும்போது வாங்கி வாருங்கள், இதற்கென்றே டீசல் எரித்துப் போகாதீர்கள். பட்டறையில் குழாயைச் சும்மா வளைத்தால் வளைவில் நசுங்கும். ஓரிடத்தில் நசுங்கினால் மொத்தக் குழாயும் அந்த அளவுதான். 90 டிகிரி வளைவு ஒன்றுக்குப் பதில் 45 இரண்டு வாங்குங்கள், பொருத்தும்போது கை சுலபமாக ஓடும்.

பெல்லோ ஏன் முக்கியம் என்றால்: மூன்று மீட்டர் எஸ்.எஸ். 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் 15 மி.மீ. நீளும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது எஞ்சினும் மவுன்டில் ஆடும். இரண்டையும் வாங்கிக்கொள்ள இளகும் இடம் ஒன்று வேண்டும். இல்லையென்றால் டர்போ ஃபிளாஞ்சில் விரிசல் விழும். அந்தச் செலவு இந்தப் பத்தாயிரத்தில் அடங்காது.

5. கழற்றுவது

முந்தின இரவே எல்லா நட்டிலும் துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள்; நம்மூரில் சமதளம் என்று நினைப்பது பெரும்பாலும் சரிவு. ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். டர்போ பக்க ஸ்டட் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாமல் சூடாக்கிக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு ஸ்டட் உடைந்தால் அரை நாள் போச்சு.

பழைய சைலன்சரை எஃப்.சி. முடியும்வரை வீட்டிலேயே வையுங்கள்.

6. பொருத்தி, ஒட்டவைத்து, பிறகு வெல்ட்

எந்த வெல்டிங்குக்கும் முன்னால் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் குழாயிலேயே மாட்டுங்கள். சேசிஸில் எங்கோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். டீசல் டேங்க், டீசல் லைன், பிரேக் ஹோஸ், வயரிங் பக்கம் ஈரச் சாக்குப் போடுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வரிசை இப்படி: முதலில் முன் ஃபிளாஞ்சைப் புதுக் கேஸ்கட்டோடு கைவிரல் இறுக்கத்துக்கு மாட்டுங்கள். சைலன்சரை ரப்பரில் தொங்கவிடுங்கள். நடுக்குழாயை வெட்டி இரண்டுக்கும் இடையில் பொருத்துங்கள். பெல்லோ நேராக, இழுக்காமல், முறுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று புள்ளி மட்டும் வெல்ட் வைத்து, மொத்தத்தையும் கழற்றித் தரையில் வைத்து முழு வெல்ட் போடச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் போட்ட வெல்டில் மேல்பக்கம் எப்போதும் ஓட்டை இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

எஸ்.எஸ். குழாயைச் சாதா இரும்பு ஃபிளாஞ்சோடு சேர்க்க 309 எல் வெல்டிங் ராடு கேளுங்கள். சாதா ராடில் ஒட்டும், ஆனால் விரிசல் விழும், துரு அங்கிருந்தே தொடங்கும்.

டப்பாவின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். கம்பெனி டப்பாவில் பெரும்பாலும் இருக்கும், உள்ளூர் டப்பாவில் இருக்காது. தேங்கும் தண்ணீர் வடிய அது வேண்டும். ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுபவர்களும் உண்டு.

7. இடைவெளியை லோடோடு அளங்கள்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். காலி வண்டியில் எல்லாம் அழகாக நிற்கும். ஒன்றரை டன் முட்டைக்கோஸ் ஏற்றியதும் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே இடம் குறையும். ஆக்சிலுக்கு மேலே போகும் குழாய் முதல் பள்ளத்திலேயே இடிக்கும். பம்ப் ஸ்டாப்பர் (ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) எவ்வளவு தூரம் ஆக்சிலை மேலே விடுமோ, அதைவிட 20 மி.மீ. கூடுதல் இடம் விடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் சேசிஸ், கைப்பிரேக் கேபிள், ஸ்டெப்னி டயர் இவற்றிலிருந்து குறைந்தது 25 மி.மீ. டீசல் லைனிலிருந்து 35 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. 50 விட்டு நடுவில் ஒரு தகடு போட்டால் நிம்மதி.

வால் முனை தரையைப் பார்த்தும் இருக்கக் கூடாது, இடப்பக்கமும் இருக்கக் கூடாது. அதுவும் விதி. பாடி விளிம்பைத் தாண்டி முடியட்டும், தார்ப்பாய்க் கயிறு மேலே படாமல். உறைபனியில் கருகிக் காய்ந்த புல், யூகலிப்டஸ் சருகு இவற்றின் மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு சருகு பற்றினால் போதும்.

8. முதல் ஓட்டமும் புகைச் சோதனையும்

ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஈரச் சாக்குச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புது டப்பாவில் முதல் அரை மணி நேரம் வெண்புகையும் பெயின்ட் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பிறகு லோடோடு குன்னூர் மலைப்பாதையில் ஒருமுறை இறங்கி ஏறுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் முடிந்தபின் எங்கே தட்டுகிறது, எங்கே உரசிய பளபளப்பு தெரிகிறது என்று அடியில் பாருங்கள். கல்லட்டி இறக்கத்தில் சோதிக்க வேண்டாம். அங்கே கவனம் பிரேக்கில் இருக்கட்டும். ஆறியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்: 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10-க்கு 40 அளவு. இதே வேலை 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

பொல்யூஷன் சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடானபின் போங்கள், ஏற்றம் ஏறி வந்த கையோடு போவது நல்லது. புகை அடர்த்திக்கு எல்லை பி.எஸ்.-3 வரை 65 ஹார்ட்ரிஜ் அலகு, பி.எஸ்.-4-க்கு 50. பி.எஸ்.-6-க்கு, புகை ஒளியை மறைக்கும் அளவு மீட்டருக்கு 0.7 என்ற வேறு கணக்கு. சர்டிபிகேட் பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். டர்போ இல்லாத பழைய வண்டி ஊட்டியில் எல்லையை ஒட்டி வந்தால், அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் குறைவாகக் காட்டும். அங்கேயும் அதிகம் வந்தால் பம்பைப் பாருங்கள், சைலன்சரைத் திரும்பக் கழற்ற வேண்டாம்.

சைலன்சர், குழாய், கூலி மூன்றுக்கும் தனித்தனி பில், பொல்யூஷன் சர்டிபிகேட், பழைய ஆர்.சி. நகல் ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். பில்லில் வண்டி எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடையிலேயே கையால் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.